"கூட்டிக்கிட்ட பிள்ளைன்னா என்னம்மா?"

கேள்வி: எங்களுக்குக் காரைக்குடிப் பக்கம். கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லாமல், அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழியாக 11 மாதப் பெண் குழந்தையைத் தத்தெடுத்தோம். இப்போது அவளுக்கு 7 வயது. போன பிள்ளையார் நோன்புக்கு எல்லாரும் பெரிய வீட்டில் கூடியிருந்தோம். இழை (மாவில் திரி வைத்து ஏற்றி, அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும் நோன்புப் பிரசாதம்) எடுத்துக்கொள்ள இவள் முன்னால் போய் நின்றபோது உறவில் ஒரு பெரியம்மா, "கூட்டிக்கிட்ட பிள்ளைதானே, கடைசியா எடுக்கட்டும்" என்றுவிட்டார். அன்று ராத்திரி, "கூட்டிக்கிட்ட பிள்ளைன்னா என்னம்மா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லை, தூங்கு" என்றேன். 18 வயதானபின் சொல்லலாம் என்கிறார் கணவர். சொல்லவே கூடாது என்கிறார் மாமியார். சொன்னால் பெற்றவளைத் தேடிப் போய்விடுவாளோ என்று எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, பிள்ளை கேட்டுவிட்டாள். இனி சொல்வதா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. யார் வாயால் கேட்கப்போகிறாள் என்பதுதான் மிச்சம். நோன்புக்கும் கல்யாணத்துக்கும் வீட்டு முற்றத்து வளவு நிறைய உட்காரும் சனத்துக்கெல்லாம் தெரிந்தது, இவள் ஒருத்திக்கு மட்டும் இன்னும் 11 வருடம் தெரியாமலிருக்கும் என்று உங்கள் கணவர் எப்படித்தான் நம்புகிறாரோ!

பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, செட்டிநாட்டுக்குப் புதிதா? ஊரைக் கூட்டி, மஞ்சள் நீர் கொடுத்து, நாலு பேர் அறியச் செய்ததுதானே. பெற்றவர்கள் யார், எந்தக் கோயில் வழி வந்தவர்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பங்காளி வீட்டுப் பையன் வருவான், கோயில் கணக்கில் குடும்பத்தின் புள்ளி நிலைக்கும். பழைய இந்து சட்டமும் பொதுவாக மகனைத் தத்தெடுப்பதைத்தான் ஒப்புக்கொண்டது. மகளையும் எடுக்கலாம் என்று வந்தது 1956 சட்டத்தில். உங்கள் மாமியாரை உறுத்துவது தத்து இல்லை. பெண் பிள்ளை, எந்த வீட்டுப் பிள்ளை என்றும் தெரியவில்லை, அதுதான். அந்த உறுத்தலை அவர் சுமக்கட்டும், குழந்தை தலையில் ஏற்ற வேண்டாம். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி தத்து உத்தரவு வந்த நாளிலிருந்து அவள் உங்களுக்குப் பிறந்த பிள்ளைதான், சொத்து உட்பட. பெரியம்மாவிடம் இதை உங்கள் கணவரே போய்ச் சொல்லட்டும். அடுத்த நோன்புக்கு அவள் வயசு வரிசையில் இழை எடுக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி அவளிடம் எப்படிச் சொல்வது? நாள் நட்சத்திரம் பார்த்து உட்காரவைத்து, கண்ணீரும் கம்பலையுமாகச் சொல்லாதீர்கள். தலை பின்னிவிடும்போது சொல்லுங்கள். முகம் பார்க்காமல் பேசுவது இரண்டு பேருக்கும் சுலபம். "அன்னிக்கு நீ கேட்டதுக்கு அம்மா சரியாப் பதில் சொல்லலை. நீ வேற ஒரு அம்மா வயித்துல வளர்ந்த. உனக்குப் பதினோரு மாசத்துல நானும் அப்பாவும் வந்து உன்னைக் கூட்டிட்டு வந்தோம். அதைத்தான் அப்படிச் சொல்றாங்க." இவ்வளவு போதும். அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தாள், வழியெல்லாம் அழுதாளா, தூங்கினாளா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வயதுக்கு அதுதான் கதை. முதல் நாள் போட்டோ இருந்தால் எடுத்துக் கையில் கொடுங்கள்.

"அவங்க ஏன் என்னை விட்டாங்க?" என்று நிச்சயம் கேட்பாள். நிறுவனம் கொடுத்த குழந்தை அறிக்கையில் இருப்பதற்கு மேல் ஒரு வரி கூடக் கட்டிச் சொல்ல வேண்டாம். வறுமை, சாவு என்று நீங்களாக ஒன்றைச் சொன்னால், பின்னால் அது பொய் என்று தெரியும்போது மற்றதெல்லாமும் பொய்யாகிவிடும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். பெற்றவளைத் திட்டவும் வேண்டாம், தெய்வமாக்கவும் வேண்டாம். "நாங்க மட்டும் எடுக்கலைன்னா உன் கதி என்ன?" என்ற பேச்சு, விளையாட்டுக்குக் கூட, யார் வாயிலும் வரக்கூடாது. அது பிள்ளையைக் கடன்காரியாக்கிவிடும்.

கோபம் வரும். சாக்லேட் இல்லை என்று சொன்ன ஒரு சாயங்காலம் "நீ என் அம்மா இல்லை" என்பாள். பெற்ற பிள்ளைகளும் கோபத்தில் இதைச் சொல்வதுண்டு. உங்களுக்குத்தான் கூடுதலாக வலிக்கும். "அம்மாதான். சாக்லேட் நாளைக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படி வேலையைப் பாருங்கள். பத்து, பன்னிரண்டு வயதில் இதே கேள்விகள் வேறு கனத்தோடு திரும்பி வரும், வயசுக்கு வரும்போது இன்னொரு தரம்.

தேடிப் போய்விடுவாளோ என்ற பயத்துக்கு வருகிறேன். 18 வயதானபின் தன் பூர்வீகத்தைத் தேட அவளே விண்ணப்பிக்க சட்டத்தில் வழி இருக்கிறது. பெற்றவளின் ரகசியத்தையும் அதே சட்டம் காப்பதால் பெயர், ஊர் கிடைக்காமலும் போகலாம். அவள் தேடினால் கூடப் போக நீங்கள் தயாரா என்பதை மட்டும் இப்போதிருந்தே யோசியுங்கள். முகம் தெரியாத ஒருத்தி மேல் உங்களுக்கு இருப்பது பொறாமை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தத்தெடுத்த அம்மாக்கள் பலருக்கும் உண்டு. ஆனால் அதைக் குழந்தை முன்னால் காட்டினால், அடுத்த கேள்வியை அவள் உங்களிடம் கேட்க மாட்டாள்.

தத்தெடுத்த பின் 2 வருடம் வந்து பார்த்தார்களே, அந்த நிறுவனத்தில் ஆலோசகர் இருப்பார். இல்லையென்றால் சிவகங்கையில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். முதல் தடவை குழந்தையில்லாமல், நீங்களும் கணவரும் மட்டும் போய் வாருங்கள். மாமியார் வருகிறேன் என்றால் தாராளமாகக் கூட்டிப் போங்கள்.