தீயணைப்பு வண்டி மாடல்களை வெட்டி ஒட்டி நம் ஊர் வண்டி போலச் செய்ய முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டது இதுதான்: கையில் ஒரு அமெரிக்கத் தீயணைப்பு வண்டி மாடலும் ஒரு பொம்மை லாரியும் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்து நம் ஊர் ஸ்டேஷனில் நிற்கிற வண்டி மாதிரி ஒன்றைக் கட்ட முடியுமா, முதலில் எதில் கை வைப்பது. முடியும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு ஆறு வருடமாக நான் இதைத்தான் செய்கிறேன். இதுவரை ஏழு வண்டி முடித்திருக்கிறேன்.

கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. முதல் வண்டியை முடித்ததும் அதை மாமாவிடம் எடுத்துப் போய்க் காட்டினேன். அம்மாவின் அண்ணன், தீயணைப்புத் துறையில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவும் அவருக்கு அத்துப்படி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நான் ஒரு மாதம் மெனக்கெட்ட சிவப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஏணியைப் பற்றியும் சொல்லவில்லை. "மாப்ள, இதுல தண்ணி இல்லையே" என்றார். எனக்குப் புரியவில்லை. "பின்னாடி எப்படித் தூக்கிட்டு நிக்குது பாரு. காலி லாரிதான் இப்படி நிக்கும். நம்ம வண்டி என்னைக்குக் காலியா நின்னுச்சு?" என்றார்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. நம் ஊர் வாட்டர் டெண்டரில், அதாவது தண்ணீர் டேங்கோடு வரும் தீயணைப்பு வண்டியில், 4,500 லிட்டர் தண்ணீர் என்றால் அதுவே நாலரை டன். அழைப்பு வந்த பிறகு நிரப்ப நேரம் கிடையாது, அதனால் ஸ்டேஷனில் சும்மா நிற்கும்போதும் டேங்க் நிறைந்தே இருக்கும், போய்த் திரும்பி வந்ததும் முதல் வேலை மறுபடி நிரப்புவதுதான். லாரி ஏற்றுவதும் இறக்குவதுமாக ஓடும், இது எப்போதும் பாரத்தோடேயே வாழ்கிற வண்டி. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தட்டையாகி, சக்கரம் மட்கார்டுக்குள் கொஞ்சம் ஏறி, மொத்த வண்டியும் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மாமா இன்னொன்றும் சொன்னார்: மலையில் வண்டி ஓட்டும்போது நிறைந்த டேங்கைவிட அரைகுறையாகத் தண்ணீர் உள்ள டேங்க்தான் பயமாம். வளைவில் திரும்பும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி வண்டியைத் தள்ளும், அதற்காகத்தான் டேங்குக்குள் குறுக்கே தடுப்புத் தகடுகள் வைத்திருக்கிறார்கள். அந்தத் தகடுகள் மாடலில் வெளியே தெரியப்போவதில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகு என்னால் டேங்கை வெறும் பெட்டியாகப் பார்க்க முடியவில்லை.

பொம்மை லாரிகளில் பெரும்பாலும் பின் அச்சோடு இழுத்து விடும் மோட்டார் பெட்டி ஒன்று இருக்கும், அதைக் கழற்றி எறிந்துவிடுங்கள். பழைய அச்சுத் துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு ஒன்றரை மி.மீ. மேலே புதுத் துளை போடுங்கள், பின்பக்கம் அந்த அளவுக்கு இறங்கும். டயரின் அடியில் தரையைத் தொடும் இடத்தை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்துச் சின்னதாகத் தட்டை செய்யுங்கள். இவ்வளவுதான் வேலை. மற்ற எதுவும் மாற்றாமல் இதை மட்டும் செய்தாலே வண்டி கனத்துவிடும்.

சரி, கிட்பாஷ் என்கிறார்களே, அது என்ன பெரிய வித்தை என்று பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று கிட்டின் பாகங்களை ஒன்றாகச் சேர்த்து, எந்தக் கிட்டிலும் இல்லாத ஒன்றைக் கட்டுவது, அவ்வளவுதான். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள், கம்பெனியிலிருந்து சேஸிஸ் (அடிச்சட்டம்) வரும், மேலே வேண்டியதை இங்கே கட்டுவார்கள். நம் தீயணைப்பு வண்டிகளும் பெரும்பாலும் அசோக் லேலண்ட் அல்லது டாடா லாரி சேஸிஸ் மேல் பாடி கட்டியவைதான். அமெரிக்காவில் அப்படி இல்லை, அங்கே தீயணைப்புக்கென்றே தனியாக வடிவமைத்த கேபினும் சேஸிஸும் நிறைய உண்டு. அதனால் உங்களிடம் இருக்கிற அமெரிக்க மாடலின் கேபினை நம் வண்டிக்கு எடுக்கவே எடுக்காதீர்கள், முகம் ஒட்டாது. கேபினும் சேஸிஸும் பொம்மை லாரியிலிருந்து, பம்ப் பேனல், அழுத்த மானிகள், குழாய் இணைப்புகள், சுழல் விளக்கு போன்ற சின்னச் சாமான்கள் அமெரிக்க மாடலிலிருந்து, நடுவில் உள்ள பாடி முழுக்க உங்கள் கையால். இந்தப் பங்கீடு எனக்கு ஒவ்வொரு முறையும் சரியாக வந்திருக்கிறது.

சேகரிப்பவர்கள் நடுவில் கோடு (code) 1, கோடு 2, கோடு 3 என்று ஒரு பேச்சு உண்டு. தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருப்பது முதலாவது, தயாரித்தவர் அனுமதியோடு வேறொருவர் மாற்றியது இரண்டாவது, யாரையும் கேட்காமல் நாமாக மாற்றியது மூன்றாவது. நாம் செய்வதெல்லாம் கோடு 3. என்றைக்காவது விற்க நினைத்தால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

அடுத்தது அளவு. இதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். அமெரிக்க மாடல் பெட்டியில் 1:64 (அசலில் 64-இல் ஒரு பங்கு) என்றோ 1:25 என்றோ போட்டிருக்கும், பொம்மை லாரிப் பெட்டியில் பெரும்பாலும் ஒன்றும் போட்டிருக்காது. ஒரு வழி சொல்கிறேன். நம் லாரிகளின் 9.00-20, 10.00-20 டயர்களின் வெளி விட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர். பொம்மையின் டயரை மி.மீ. கணக்கில் அளந்து 1000-ஐ அதால் வகுங்கள். டயர் 23 மி.மீ. இருந்தால் 1:43 பக்கம் வருகிறது. அந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள், பிறகு எந்தச் சாமானைச் செய்தாலும் அதாலேயே வகுக்க வேண்டும். 1:24-ம் 1:25-ம் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது, அதனால் இட்டாலெரியின் 1:24 மாகிரஸ் ஏணி வண்டியையும் ஏ.எம்.டி.யின் 1:25 அமெரிக்கன் லாஃபிரான்ஸ் கிட்டையும் தயங்காமல் கலக்கலாம். 1:43 வண்டியில் 1:64 சுழல் விளக்கை வைத்தால் மட்டும் பெரியவர் தலையில் குழந்தைத் தொப்பி வைத்த மாதிரி, வண்டிக்கு விளக்கு சின்னதாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

ஹோஸ் பைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பார்ப்பவர்களின் கண் முதலில் போவது அங்கேதான். தீயின் மேல் தண்ணீர் பாய்ச்சும் டெலிவரி ஹோஸ் 63 மி.மீ. விட்டம். ஆனால் தண்ணீர் இல்லாதபோது அது உருண்டையாக இருக்காது, தட்டையாக மடங்கிச் சுருட்டியிருக்கும், அப்போது அகலம் கிட்டத்தட்ட 100 மி.மீ. ஆகிவிடும். 1:43-இல் அது 2.3 மி.மீ. முதல் வண்டியில் நான் உருண்டையான வெள்ளை நூலைச் சுற்றி வைத்திருந்தேன், தையல்காரர் நூல்கண்டு போலத்தான் இருந்தது. இப்போது செய்வது இப்படி: மருந்துக்கடையில் கிடைக்கும் துணிப் பிளாஸ்திரியை 5 மி.மீ. அகலத்தில் நீளமாக வெட்டி, பசைப் பக்கம் உள்ளே போகிற மாதிரி நீளவாக்கில் இரண்டாக மடித்து நகத்தால் நீவிவிட வேண்டும். துணியின் நெசவு அசல் ஹோஸின் நெசவு போலவே தெரியும். 15 மீட்டர் ஹோஸ் என்றால் 35 செ.மீ. வெட்டி, அதை நடுவில் மடித்து, மடிப்பிலிருந்து சுருட்டிக்கொண்டே வாருங்கள், இரண்டு முனையும் வெளியே வந்து நிற்கும். முனைகளில் பித்தளைக் குழாயில் அறுத்த 2 மி.மீ. துண்டுகளைக் கப்ளிங்காக மாட்டுங்கள். கடைசியில் டீத்தண்ணீரில் ஒரு முறை நனைத்து எடுங்கள், பளீர் வெள்ளை போய்ப் பலமுறை நனைந்து காய்ந்த ஹோஸின் நிறம் வரும்.

சக்ஷன் ஹோஸ் வேறு. கிணற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ உறிஞ்சும்போது அமுங்கிவிடக் கூடாது என்பதால் அது விறைப்பாக, சுருள் சுருளாக இருக்கும். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் மெல்லிய தாமிரக் கம்பி கிடைக்கும், அதை 2 மி.மீ. மின்சார வயர் மேல் நெருக்கமாகச் சுற்றிக் கறுப்பு அடித்தால் போதும்.

ஏணிக்கு எங்கள் தெரு எனக்குப் பெரிய துணை. இங்கே வீட்டுக்கு வீடு கொலுசுப் பட்டறை. 10.5 மீட்டர் நீட்டு ஏணி 1:43-இல் நீட்டிய நிலையில் 24 செ.மீ. வரும், படிக்கும் படிக்கும் 7 மி.மீ. இடைவெளி விட்டேன். பிளாஸ்டிக்கில் செய்தபோது இரண்டு தடவை வளைந்து போயிற்று. பக்கத்துப் பட்டறை அண்ணன் பார்த்துவிட்டு, "பித்தளைக் கம்பில பண்ணலாம்ல தம்பி" என்று சொல்லி, ஒரு பலகையில் ஆணி அடித்துக் கம்பிகளை இறுக்கி வைத்து, வெங்காரம் தடவி, பற்றவைக்கும் பொடி வைத்து, ஊதுகுழலால் ஒவ்வொரு படியையும் ஊதிக் கொடுத்தார். கொலுசு வளையத்தைப் பற்றவைத்தே பழகிய கைக்கு அது பத்து நிமிட வேலை. நான் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து இப்போது நானே செய்கிறேன். உங்கள் ஊரில் நகை வேலை செய்கிறவர் யாராவது இருந்தால் போய்ப் பழகிக்கொள்ளுங்கள், அரம் பிடிப்பது முதல் எல்லாமே அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

பாடிக்கு ஸ்டைரீன் ஷீட் (மெல்லிய பிளாஸ்டிக் தகடு) நல்லது, விலைதான் அதிகம். போர்டு எழுதும் கடைகளில் மிச்சமாகும் 3 மி.மீ. சன்போர்டு (நுரை பிளாஸ்டிக் பலகை) துண்டுகளை டேங்குக்கும் லாக்கர் பெட்டிக்கும் உள் கூடாக வைத்து, வெளியே மட்டும் மெல்லிய ஸ்டைரீன் ஒட்டுகிறேன். இடைவெளி விழுந்தால் சமையல் சோடாவைத் தூவி மேலே ஒரு சொட்டு பெவிக்விக் விடுங்கள், உடனே கல்லாகிவிடும், பிறகு தேய்த்துக்கொள்ளலாம். பொம்மையின் பிளாஸ்டிக் மெழுகு போல வழுக்கினால், அதாவது வாளி, குடம் செய்யும் ரகமாக இருந்தால், பசையும் பிடிக்காது பெயின்ட்டும் நிற்காது, அதை வாங்காதீர்கள். உலோக டை-காஸ்ட் வண்டியாக இருந்தால் அடியில் உள்ள ரிவெட்டின் தலையை மட்டும் டிரில்லால் எடுத்தால் கழன்று வரும், திரும்ப மாட்டச் சின்ன ஸ்க்ரூ போடலாம்.

பெயின்ட். நம் நாட்டுத் தர நிர்ணய அட்டவணை ஐ.எஸ். 5-இல் 536-ஆம் எண்தான் ஃபயர் ரெட். 538 போஸ்ட் ஆபீஸ் ரெட், அதைத் தவறி வாங்கிவிடாதீர்கள். சிவப்பு எப்போதுமே அடியில் உள்ளதைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும், சாம்பல் பிரைமர் மேல் அடித்தால் மங்கும், வெள்ளை மேல் அடித்தால் எடுப்பாக இருக்கும். அதனால் மெல்லிய கோட்டாக நான்கைந்து தடவை, நடுவில் பொறுமை. சேலம் வெயிலில் இன்னொரு தொல்லை உண்டு. ஏப்ரல், மே மத்தியானம் மாடியில் ஸ்பிரே செய்தால் பெயின்ட் வண்டியைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து மணல் மாதிரி உட்காரும். ஒரு வண்டி அப்படிப் போனது. சரி, குளிர்ச்சியாக இருக்குமே என்று அடுத்ததை ஏற்காட்டில் சித்தி வீட்டுக்கு எடுத்துப் போனேன், அங்கே பனிமூட்டத்தின் ஈரம் பட்டு மேல் வார்னிஷ் பால் ஊற்றினது போல வெளுத்துவிட்டது. இப்போது கோடையில் காலை ஏழு மணிக்குள் அடித்து முடிக்கிறேன், மழை நாளில் ஸ்பிரேயைத் தொடுவதே இல்லை.

எழுத்துகளுக்கு வீட்டுப் பிரிண்டர் உதவாது, அதில் வெள்ளை மை கிடையாது. நம்பர் பிளேட் ஸ்டிக்கர் கடையில் வெள்ளை வினைலில் "தீயணைப்பு" என்று வெட்டித் தரச் சொல்லுங்கள். 4 மி.மீ. உயரத்துக்குக் கீழே போனால் 'ணை'யின் கொம்பு கிழிந்து வருகிறது, அதற்குக் கீழே உள்ளதை நான் தூரிகையால் எழுதுகிறேன்.

அசலைப் பார்க்காமல் மட்டும் இறங்காதீர்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள், அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம். அந்த வாரத்தில் பொதுமக்களுக்குச் செயல் விளக்கம் காட்டுவார்கள். போய் அஞ்சலி செலுத்திவிட்டு, அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். அப்புறம், படம் எடுப்பதைவிட ஒன்று முக்கியம்: எந்தச் சாமானை முதலில் எடுப்பீர்கள், எந்தக் கதவை எந்தக் கையால் திறப்பீர்கள் என்று கேளுங்கள். லாக்கர் கைப்பிடி எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது அந்தப் பதிலில்தான் இருக்கும், எந்தப் படத்திலும் எனக்கு அது சரியாகத் தெரிந்ததில்லை.

இப்போது மேசையில் எட்டாவது வண்டி நிற்கிறது, பாடி ஏறிவிட்டது, பெயின்ட் இன்னும் இல்லை. நேற்று மாமா வந்தவர் வழக்கம் போலக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி இருக்கு, பம்ப்புக்குப் பக்கத்துல நிக்கிறவனுக்குக் கால் வைக்க இடம் எங்க?" என்றார். இன்றைக்கு அந்தப் படியை வெட்ட வேண்டும். உங்கள் பொம்மை லாரியின் டயர் எத்தனை மி.மீ. என்று எழுதுங்கள், ஏணி, ஹோஸ் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுத் தருகிறேன்.