பயணத்தில் சோர்ந்த குஞ்சுகளுக்கு முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதன் பின்னரே தீவனம்

கேள்வி: பொரிப்பகத்திலிருந்து வாங்கிய ஒரு நாள் வயதுக் கோழிக் குஞ்சுகள், பெட்டியில் இரண்டு நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தன. சில வழியிலேயே இறந்துவிட்டன. எஞ்சியவற்றில் பல, கண்களை மூடி இறக்கைகளைத் தொங்கவிட்டு நிற்கின்றன. தீவனம் வைத்தும் தொடவில்லை. உடனே ஆண்டிபயாடிக் கொடுக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் கூறும் அறிகுறிகள், நோயைவிடக் குளிரையும் நீரிழப்பையுமே காட்டுகின்றன. பொரிவதற்குச் சற்று முன்பு குஞ்சு, முட்டையில் எஞ்சியிருக்கும் மஞ்சள்கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பைக் கொண்டுதான் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் வரை, இரையும் நீரும் இல்லாமல் அதனால் தாக்குப்பிடிக்க முடிகிறது. பெட்டியில் ஏற்றுவதற்கு முன் பொரிப்பகத்தில் கழிந்த நேரத்தையும் இதில் சேர்த்துக்கொண்டால், உங்கள் குஞ்சுகளின் கையிருப்பு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

முதலில் சூடு. ஒரு குஞ்சைக் கையில் எடுத்து அதன் பாதங்களை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால், மற்ற எந்தச் சிகிச்சைக்கும் முன் அதற்குத் தேவை வெப்பமே. முதல் வாரத்தில் புரூடருக்குள், அதாவது விளக்கால் சூடேற்றிக் குஞ்சுகளை வளர்க்கும் அடைப்புக்குள், குஞ்சின் முதுகு உயரத்தில், 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும். விளக்கை நடுவில் தொங்கவிடாமல் ஒரு பக்கமாகத் தொங்கவிட்டால், சூடு மிகும்போது விலகிச் செல்லக் குஞ்சுகளுக்கு இடம் கிடைக்கும். அவை விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டால் சூடு போதவில்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்து ஓரங்களில் ஒதுங்கினால் சூடு மிகுந்துவிட்டது. வெப்பமானியைவிடக் குஞ்சுகளின் இந்த நடத்தையையே நான் அதிகம் நம்புவேன்.

உடல் வெதுவெதுப்பான பிறகு தண்ணீர் கொடுங்கள். குளிர்ந்த நீர் கூடாது. கை பொறுக்கும் இளஞ்சூட்டில் இருக்கட்டும். முதல் நாளுக்கு மட்டும், ஒரு லிட்டர் நீரில் சுமார் 50 கிராம் சர்க்கரையைக் கரைத்து வைக்கலாம். அதற்கு மேலும் நீட்டித்தால் எச்சம் இளகிவிடும் என்பதால், மறுநாள் முதல் கோழிகளுக்கான எலக்ட்ரோலைட் (தாது உப்புக் கலவை) கலந்த நீரையோ வெறும் நீரையோ கொடுங்கள். ஒவ்வொரு குஞ்சின் அலகு நுனியையும் ஒருமுறை நீரில் தொட்டுவிட வேண்டும்; சிரமமான வேலைதான், ஆனாலும் இதைத் தவிர்க்காதீர்கள். தானாகக் குடிக்க இயலாத குஞ்சுக்கு, சொட்டுக்குழாயால் அலகின் ஓரத்தில் ஒரு துளி வைத்து, அது விழுங்கிய பிறகே அடுத்த துளியை வைக்க வேண்டும். நாக்கின் அடிப்பகுதியிலேயே மூச்சுக்குழாயின் வாய் இருப்பதால், அலகைத் திறந்து தொண்டைக்குள் ஊற்றினால் நீர் நுரையீரலுக்குள் சென்று, பிழைக்கவிருந்த குஞ்சையும் கொன்றுவிடும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் பரப்பினால், தள்ளாடும் குஞ்சுகள் உள்ளே விழுந்து நனையா.

இரண்டு மூன்று மணி நேரம் நீர் குடித்த பின், குஞ்சுகளுக்கான ஆரம்பத் தீவனத்தைச் சொரசொரப்பான காகிதத்தின் மீது மெல்லியதாகத் தூவுங்கள். வழவழப்பான செய்தித்தாள் வேண்டாம். பலமில்லாத கால்கள் அதில் வழுக்கி, பக்கவாட்டில் விரிந்து நிலைத்துவிடக்கூடும். இரவில் சில குஞ்சுகளின் இரைப்பையை, அதாவது கழுத்தின் அடியில் இருக்கும் பையை, விரல்களால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நிரம்பி மெத்தென்று இருந்தால் இரையும் நீரும் சேர்ந்தே உள்ளே போயிருக்கின்றன. கெட்டியாக இருந்தால் தீவனம் மட்டும் போயிருக்கிறது, நீர் போதவில்லை. காலியாக இருக்கும் குஞ்சைத் தனியே பிரித்துக் கவனிக்க வேண்டும். பிரிக்கும்போது ஒற்றையாக விடாமல், துணைக்கு ஒரு நல்ல குஞ்சையும் சேர்த்து விடுங்கள். அது கொத்தித் தின்பதைப் பார்த்தே சோர்ந்த குஞ்சும் இரையெடுக்கக் கற்றுக்கொள்ளும்.

பயண அயர்ச்சிக்குப் பின் பல குஞ்சுகளுக்கு எச்சம் ஆசனவாயில் ஒட்டிக் காய்ந்து, அடுத்த எச்சம் வெளியேற வழியில்லாமல் அடைத்துவிடும். உலர்ந்ததைப் பிய்த்தால் தோலும் கிழிந்துவரும்; வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்து, ஈரம் போக உலர்த்திய பிறகே குஞ்சை மீண்டும் புரூடரில் விடுங்கள். வயிற்றுப் பக்கம் தெரியும் தொப்புள் வடுவை எச்சம் என்று நினைத்து இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணத்தால் நேரும் இறப்புகள் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாள்களில் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் இறப்பு கூடினாலோ, தொப்புள் சிவந்து ஈரமாகவும் வயிறு உப்பித் துர்நாற்றம் வீசுவதாகவும் இருந்தாலோ, அது தொப்புள் வழியாகப் புகுந்த தொற்றாக இருக்கலாம். அப்போது புதிதாக இறந்த குஞ்சு ஒன்றைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று பரிசோதிக்கச் செய்யுங்கள். ஆண்டிபயாடிக் தேவையா, எது, எவ்வளவு என்பதை அந்த முடிவைப் பார்த்து அவர் தீர்மானிக்கட்டும்.