ஏசியில் ஐஸ் கட்டினால்: கேஸ் போடுவதற்கு முன்

கேள்வி: 2021-ல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. இன்டோரில் ஐஸ் கட்டுகிறது. விடியற்காலையில் தண்ணீர் சொட்டுகிறது. இரண்டு மாதம் முன்புதான் கேஸ் போட்டோம். மெக்கானிக் திரும்பவும் கேஸ் போடச் சொல்கிறார். போடலாமா? – மதுரை வாசகி

இப்போது போடாதீர்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. நிஜமாகவே குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றினால் இரண்டு மாதத்தில் அவருக்கு இன்னொரு வருமானம், அவ்வளவுதான்.

முதலில் ஃபேன் மோடில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டு ஐஸ் கரையட்டும். கத்தியால் சுரண்ட வேண்டாம், காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) ஓட்டையாகிவிடும். ஃபில்டரைக் கழுவுங்கள். அப்புறம் மெயினை அணைத்துவிட்டு, காற்று வரும் வாய்க்குள் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உருளும் ஃபேனில் கறுப்பாக அழுக்கு அப்பியிருந்தால், காயிலோடு சேர்த்துத் தண்ணீர் பம்ப் வைத்துக் கழுவச் சொல்லுங்கள். காற்று போகாவிட்டால் காயில் உறையத்தான் செய்யும். நான் பார்ப்பதில் பெரும்பாலானவை இதிலேயே சரியாகிவிடுகின்றன.

மெக்கானிக் கேஜ் (பிரஷர் மீட்டர்) மாட்டி, "பாருங்கம்மா, பிரஷர் கம்மி" என்பார். பொய்யில்லை. ஆனால் காயில் அடைத்து ஐஸ் கட்டியிருந்தாலே, கேஸ் முழுசாக இருந்தாலும் முள் கீழேதான் நிற்கும். கழுவி, ஐஸ் கரைந்த பிறகு எடுக்கும் அளவுதான் கணக்கு.

ஒரு விதிவிலக்கு. மழைக்கால இரவில் 16-ல் வைத்து, ஃபேனையும் குறைத்துவிட்டுத் தூங்கினால் நல்ல ஏசியிலும் ஐஸ் கட்டலாம். அதைப் பழுது என்று சொல்ல முடியாது. 16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! 2020 ஜனவரியிலிருந்து ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல் தொடங்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. நாமோ முதல் வேலையாக அதைக் குறைக்கிறோம். 25-ல், ஃபேனைக் கூட்டி வைத்து ஓர் இரவு பாருங்கள்.

அதற்கும் ஐஸ் கட்டினால், அவுட்டோரில் சேரும் இரண்டு காப்பர் குழாய்களைப் பாருங்கள். மெல்லிய குழாயில் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தால் கேஸ் குறைவுதான். அப்போதும் வரிசை முக்கியம்: குழாய்க்குள் நைட்ரஜன் அடித்து, சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் நட் இணைப்பில்தான் இருக்கும். அதைச் சரிசெய்து, வேக்யூம் பம்ப் போட்டுக் குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, அவுட்டோர் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடைபோட்டு கேஸ் ஏற்ற வேண்டும். வேக்யூம் பம்ப்பும் தராசும் கொண்டுவராதவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கம்பெனி ஆள் என்றால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் வருவது ஒப்பந்தக்காரரின் பையன். ஒரே நாளில் பத்து வீடு முடிக்கச் சொல்லி அனுப்பினால் அவன் எங்கே கசிவு தேடுவான்? கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரண்டி என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள், கேஸ் அதில் சேராது என்பது பொடி எழுத்தில் இருக்கும். இணையத்தில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்களில் போலிகள் நிறைய. வாரண்டி அட்டையில் உள்ள எண்ணையே கூப்பிடுங்கள். கசிவு எங்கே இருந்தது, எத்தனை கிராம் ஏற்றினார் என்பதை பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.