வாசகர் கேள்வி – பதில்: டோரியன் அம்பா, எய்தவனா?

கேள்வி: ஒஸ்கார் வைல்டின் 'டோரியன் கிரேயின் ஓவியம்' நாவலை எங்கள் வாசிப்பு வட்டத்தில் எடுத்தோம். டோரியனைக் கெடுத்தது ஹென்றி பிரபுதான், எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்கிறார்கள். சரியா?
– வாசகி, கல்லடி

பதில்: பாதி சரி. 2ஆம் அத்தியாயத்தில், இளமை போய்விடும் என்ற பயத்தை டோரியனுக்குள் போடுவது ஹென்றிதான். 10இல் அவனை மயக்கிவிடும் ஒரு மஞ்சள் அட்டைப் புத்தகத்தை அனுப்புவதும் அவரே. ஆனால் ஓவியர் பசில் வரைந்த தன் படத்தைப் பார்த்தபடி, 'நான் இப்படியே இருக்க, படம் கிழடாகட்டும், அதற்கு என் ஆன்மாவையே கொடுப்பேன்' என்பது டோரியன் தன் வாயால் கேட்டது. கூத்துக்கு ஆட்டம் பழக்குவது அண்ணாவியார். களரியில் ஆடுவது ஆடுகிறவன் கால்.

8ஆம் அத்தியாயத்தை மெதுவாக வாசியுங்கள். தான் காதலித்த நடிகை சிபில் வேனை உதறிவிட்டு வந்த மறுநாள், யாரும் சொல்லாமலே மன்னிப்புக் கேட்டு நீண்ட கடிதம் எழுதுகிறான். ஹென்றி அதன் பிறகுதான் வருகிறார்; அவள் இறந்த செய்தியைச் சொல்லி, அந்தச் சாவையே நாடகக் காட்சிபோல் பார்க்க வைக்கிறார். இரவு டோரியன் ஒபேராவில். திரும்பிவர அவனுக்கு வழி இருந்தது, அதைக் கண்டும் இருந்தான். அம்புக்கு அது முடியாது. 12இல் ஓவியர் பசில், உன் நட்பு ஏன் இளைஞர்களை இப்படி அழிக்கிறது என்று கேட்கும்போது அவனே எய்தவனாகியிருக்கிறான்.

பழி போகும் திசைதான் விசித்திரம். 13இல் டோரியன் குற்றம்சாட்டுவது பசிலை: நீதான் என்னைப் புகழ்ந்து என் அழகில் என்னை மயங்க வைத்தாய் என்று. 'வா, மண்டியிட்டுச் செபிப்போம்' என்ற அந்த மனிதருக்குக் கத்தி. ஹென்றிக்கோ 19இல் ஒரு சின்னக் குறை மட்டும், புத்தகத்தால் நஞ்சூட்டினீர் என்று, உறவு அறவில்லை. பசிலைக் கொன்றது நான் என்றால் என்ன சொல்வீர் என்று அவன் கேட்க, கொலையெல்லாம் உனக்கு வராது என்கிறார் ஹென்றி. தன் கைவேலையே தெரியாத குரு!

கேள்வி: என் பிரதியில் 13 அத்தியாயங்கள்தான். ஜேம்ஸ் வேனே இல்லை. பக்கம் விடுபட்டதா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: இல்லை. உங்களிடம் இருப்பது 1890இல் சஞ்சிகையில் வந்த வடிவம். 1891 நூலுக்கு வைல்ட் 3, 5, 15 முதல் 18 வரை ஆறு அத்தியாயங்களைப் புதிதாக எழுதி, பழைய கடைசி அத்தியாயத்தை இரண்டாக்கினார். அதனால் 20. சிபிலின் தம்பி ஜேம்ஸ் அப்போது வந்தவர். பசில் கடைசியாக வரும் இரவு டோரியனின் எத்தனையாவது பிறந்தநாளுக்கு முந்தியது என்று பாருங்கள்: 32 என்றால் பழையது, 38 என்றால் புதியது. மேலே நான் தந்த எண்கள் புதியதன்படி.

கேள்வி: அலன் கெம்பல் டோரியனை வெறுக்கக் காரணம் என்ன?
– மாணவி, அக்கரைப்பற்று

பதில்: நாவலில் இல்லை. ஒன்றரை வருடம் இணைபிரியாமல் இருந்தார்கள், பிறகு முறிந்தது, அவ்வளவுதான். விடைத்தாளில் பலர் ஒரு இரகசியத்தைத் தாமே கற்பித்து, அதை நாவலின் கூற்றாக எழுதிவிடுகிறார்கள். 14ஆம் அத்தியாயத்தின் வரிசையை எழுதுங்கள்: முதலில் டோரியனின் கெஞ்சல், பிறகு ஒரு தாளில் ஏதோ எழுதி மேசைக்கு மேலால் தள்ளுகிறான், அதை வாசித்ததும் அலன் வெளிறிப்போகிறார். மறுத்தால் அனுப்பவென்று, முகவரியிட்ட கடிதமும் முன்கூட்டியே தயார். இரசாயனம் தெரிந்த பழைய நண்பன், பசிலின் பிணத்தை மறைக்கும் கருவியாகிறான். பின்னர் அலன் தன் ஆய்வுகூடத்திலேயே சுட்டுக்கொண்டு இறக்கிறார். அந்தத் தாளில் இருந்தது என்னவென்று வைல்ட் கடைசிவரை சொல்வதில்லை.