நாடாளுமன்றம் கூடாத மாதங்களில் நிலைக்குழு கூடுமா?

வாசகர் கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம், ஊடே குறுமிளகு. எங்களைப் போன்ற சிறு விவசாயிகள் சிலர் சங்கமாக இருக்கிறோம். தோட்டப் பயிர்கள் பற்றி நாடாளுமன்ற நிலைக்குழு கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுத்திருந்தது. மனுவை எழுதி முடித்தோம், அதற்குள் கூட்டத்தொடர் முடிந்துவிட்டது. “அவையே கூடாதபோது குழு எப்படிக் கூடும்? அடுத்த கூட்டத்தொடர் வரட்டும்” என்கிறார் சங்கத்தில் ஒருவர். இணையத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். “சட்டமன்றக் குழு சேலம் கலெக்டர் ஆபீசுக்கு வந்து மனு வாங்குகிறதே, அன்றைக்குச் சட்டசபையா நடக்கிறது?” என்று கேட்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? மனுவை இப்போது அனுப்பலாமா?

பதில்: இரண்டாமவர் சொல்வதுதான் சரி. நிலைக்குழு என்பது இரு அவைகளின் உறுப்பினர்களும் சேர்ந்து, ஒதுக்கப்பட்ட அமைச்சகங்களின் வேலையை ஆராயும் குழு. மனுவை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்கும் கூட்டத்தொடருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அடுத்த கூட்டத்தொடர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் தேதி போய்விடும்.

விதி தெளிவாகவே இருக்கிறது. கூட்டத்தொடர் முடித்து வைக்கப்பட்டது என்பதற்காக மட்டும் ஒரு குழுவின் கையில் இருக்கும் வேலை காலாவதி ஆகாது, குழு தொடர்ந்து இயங்கும் என்கிறது மக்களவை நடத்தை விதி 284. கூட்டம் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பதைக் குழுவின் தலைவரே முடிவு செய்கிறார். மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் வந்தால் போதும். காபி வாரியம் மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் வருவது. அந்த அமைச்சகத்தைக் கவனிக்கும் நிலைக்குழு மாநிலங்களவையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கும் நடைமுறை இதேதான்.

இதைவிடப் பெரிய சான்று பட்ஜெட் கூட்டத்தொடரிலேயே இருக்கிறது. பட்ஜெட் மீதான பொது விவாதம் முடிந்ததும் இரு அவைகளும் சில வாரங்கள் ஒத்திவைக்கப்படுகின்றன. எதற்காக? ஒவ்வொரு அமைச்சகமும் தன் செலவுக்குக் கேட்கும் நிதியை (மானியக் கோரிக்கை என்பார்கள்) நிலைக்குழுக்கள் உட்கார்ந்து பரிசீலிப்பதற்காக. இதற்காகவே இடைவேளை விடவேண்டும் என்று விதி எழுதிவைத்திருக்கிறார்கள். அவை கூடாத நாளில் குழுவும் கூடக்கூடாது என்றால் இந்த விதிக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். 2024இல் வக்ஃப் திருத்த மசோதாவை ஆராய அமைத்த கூட்டுக்குழுவைப் பாருங்கள். ஆகஸ்ட் 9ஆம் தேதி அவைகள் ஒத்திவைக்கப்பட்டன, ஆகஸ்ட் 22ஆம் தேதி குழுவின் முதல் கூட்டம் நடந்தது. குளிர்காலக் கூட்டத்தொடர் நவம்பர் 25ஆம் தேதிதான் தொடங்கியது. அதற்குள் குழு சென்னை வரை வந்து கருத்துக் கேட்டுவிட்டுப் போயிருந்தது.

அப்படியானால் உங்கள் நண்பர் இணையத்தில் படித்தது என்ன? பிரிட்டன் நடைமுறையாக இருக்கலாம் என்பது என் ஊகம். அங்கே அவை சாதாரண விடுமுறையில் இருந்தால் குழுக்கள் கூடலாம். கூட்டத்தொடரையே முடித்து வைத்துவிட்டால் குழுக்களும் நின்றுவிடும். 2019 செப்டம்பரில் அந்த நாட்டு அரசு கூட்டத்தொடரை முடித்து வைத்தபோது பெரிய சர்ச்சை கிளம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த முடித்து வைப்பே செல்லாது என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வேலை மறுபடி நடந்தது. நம் நாடாளுமன்ற நடைமுறையில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான், ஆனால் இந்த ஒரு இடத்தில் நாம் வேறு வழியில் போயிருக்கிறோம். மசோதாக்களுக்கும் அப்படியே. கூட்டத்தொடர் முடிந்ததால் ஒரு மசோதா காலாவதி ஆகாது என்று நம் அரசியல் சட்டப் பிரிவு 107 சொல்கிறது.

இந்தியாவில் இது பற்றி விவாதமே நடந்ததில்லையா என்றால், நடந்திருக்கிறது. 2020 மார்ச் 23ஆம் தேதி கொரோனாவால் அவைகள் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டன. நாடே வீட்டில் அடைந்து கிடந்தபோது, காணொலி வழியாகவாவது குழுக்களைக் கூட்ட அனுமதியுங்கள் என்று ஆனந்த் சர்மா, சசி தரூர் போன்ற குழுத் தலைவர்கள் கேட்டார்கள். குழுக் கூட்டம் ரகசியமாக நடக்க வேண்டியது, காணொலியில் அந்த ரகசியம் காக்கப்படுமா என்ற தயக்கத்தில் அனுமதி வரவில்லை. ஜூலையில் உறுப்பினர்கள் நேரில் வந்துதான் கூட்டங்கள் மீண்டும் தொடங்கின. அவை இல்லாதபோது கூடலாமா என்பது அப்போது கேள்வியாகவே வரவில்லை. எப்படிக் கூடுவது என்பதில்தான் இழுபறி. அந்த நேரத்தில் குழுக்களை அத்தனை மாதம் சும்மா வைத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஆனால் வேலை உண்மையிலேயே நின்றுபோகும் சமயங்கள் இரண்டு உண்டு. மக்களவை கலைக்கப்பட்டால் எல்லா நிலைக்குழுக்களும் அதோடு முடிந்துவிடும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்த நிலைக்குழுக்களின் பதவிக்காலம் ஒரே ஒரு வருடம். பழைய குழு முடிந்து புதிய குழு அமைவதற்கு நடுவில் சில வாரம் குழுவே இல்லாத நிலை வரலாம். பழைய குழுவிடம் இருந்த தாள்கள் புதிய குழுவின் கைக்குப் போகும், ஆனால் அதே தலைப்பை அவர்கள் எடுத்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆகவே நீங்கள் விசாரிக்க வேண்டிய தேதி கூட்டத்தொடர் தேதி அல்ல, குழுவின் பதவிக்காலம் எப்போது முடிகிறது என்பது. பதவிக்காலம் முடிய இரண்டு மூன்று மாதமே இருந்தால் சுருக்கமாக எழுதி உடனே அனுப்புவது நல்லது.

மனு போன பிறகு என்ன நடக்கும்? இதைத் தெரிந்துகொண்டு எழுதுகிறவர்களுக்கும் தெரியாமல் எழுதுகிறவர்களுக்கும் மலையளவு வித்தியாசம் உண்டு. முதலில் அதைப் படிப்பது குழுவின் செயலகத்தில் இருக்கும் அதிகாரிகள். வந்த கருத்துகளை வைத்து அமைச்சகத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளை அவர்கள் தயார் செய்வார்கள். அமைச்சகம் எழுத்தில் பதில் கொடுக்கும், பிறகு செயலாளரே வந்து குழு முன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த வேலையில் பெரும்பகுதி அவை கூடாத மாதங்களில்தான் நடக்கிறது. அவை நடக்கும் நாளில் உறுப்பினர்களுக்கு ஓட்டெடுப்பு, கேள்வி நேரம் என்று ஓட்டமாகவே இருக்கும். குழு கூடியிருக்கும்போது அவையில் ஓட்டெடுப்பு வந்தால் கூட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டும்.

ஆகவே உங்கள் மனுவின் ஒவ்வொரு பத்தியும் அமைச்சகத்திடம் கேட்கக்கூடிய ஒரு கேள்வியாக மாற வேண்டும். “காபிப் பழம் பறிக்க ஆள் கிடைப்பதில்லை, அரசு கவனிக்க வேண்டும்” என்று எழுதினால் அதிகாரி அதைப் படித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். “வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பூச்சி விழுந்த செடிகளைப் பிடுங்கிவிட்டு மறுநடவு செய்ய மானியம் கேட்டு எங்கள் சங்கத்தில் இத்தனை பேர் இந்தத் தேதியில் விண்ணப்பித்தோம், இத்தனை பேருக்கு இன்னும் வரவில்லை” என்று எழுதி, விண்ணப்ப ரசீதுகளின் நகலையும் வைத்துவிடுங்கள். அதற்கு அமைச்சகம் பதில் சொல்லியே ஆகவேண்டும். பத்து ஹெக்டேர் வரை வைத்திருப்பவர்களைக் காபி வாரியம் சிறு விவசாயி என்று கணக்கிடுகிறது. உங்களில் எத்தனை பேர் அந்த வரம்புக்குள் வருகிறார்கள் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

காட்டெருமை தோட்டத்துக்குள் இறங்கிச் செடியை ஒடிப்பது, மலைப்பாதை, பட்டா, கட்டட அனுமதி எல்லாம் உங்களுக்கு ஒரே கவலையாகத்தான் இருக்கும். எனக்கும் அது புரிகிறது. ஆனால் வணிக அமைச்சகத்தைப் பார்க்கும் குழு இவற்றில் ஒன்றும் செய்ய முடியாது. பாதை போன்ற பொதுப் பிரச்சினை என்றால் தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழுவுக்குத் தனியாக எழுதுங்கள். உங்கள் இன்னொரு நண்பர் கலெக்டர் ஆபீசில் பார்த்தது இந்தக் குழுவாக இருக்கலாம். மாவட்டத்துக்கு வருவதற்கு முன்னால் பத்திரிகைச் செய்தி வரும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரு துறை மட்டும்தான் இருக்கலாம். பட்டா, முதியோர் உதவித்தொகை, வங்கிக் கடன் போன்ற தனிநபர் கோரிக்கைகளையும் நீதிமன்றத்தில் இருக்கும் வழக்குகளையும் அவர்கள் எடுப்பதில்லை.

அப்புறம், நாடாளுமன்றக் குழுவுக்கான மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். விளம்பரத்தில் கேட்டிருக்கும் முறையிலேயே அனுப்புங்கள். தமிழில் எழுதியதை யாராவது விஷயம் தெரிந்தவரை வைத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள், காபித் தோட்டத்தையே பார்க்காதவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். குழுவுக்குக் கொடுத்த மனு அதன் பிறகு குழுவின் ஆவணம், ரகசியமானது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது, உள்ளூர் நிருபரிடம் நகல் கொடுப்பது எல்லாம் நாடாளுமன்றத்தின் உரிமையை மீறிய குற்றம் (உரிமை மீறல்) ஆகலாம். இந்த எச்சரிக்கை பெரும்பாலும் விளம்பரத்திலேயே கடைசி வரியில் இருக்கும், யாரும் படிப்பதில்லை.

நேரில் வந்து சாட்சியம் சொல்ல விருப்பம் இருந்தால் அதையும் மனுவோடு சேர்த்து எழுதிவிட வேண்டும், பிறகு கேட்டால் நேரம் கடந்திருக்கும். அழைப்பு வந்தால் டெல்லிக்குத்தான் போகவேண்டியிருக்கும். குழு நம் பக்கம் சுற்றுப்பயணம் வந்தாலும் அங்கே பேசுவது முறைசாராத உரையாடல்தான், சாட்சியமாகப் பதிவாகாது. அழைப்பு பழம் பறிக்கும் மாதங்களில் வந்தால் தோட்டத்தை விட்டுவிட்டு யார் போவது என்பதை இப்போதே சங்கத்தில் பேசி, இரண்டு பேர் பெயரை மனுவில் போட்டுவிடுங்கள்.