பி.எட். ஃபிசிகல் சயின்ஸ் இருக்கிறது, ஆனால் மேஜர் இயற்பியல் இல்லை: என்ன செய்வது?

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் எங்கள் ஊர். சேலத்தில் தங்கி பி.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். பிறகு பி.எட். ஃபிசிகல் சயின்ஸ் முடித்து, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாளிலும் தேர்ச்சி பெற்றேன். இயற்பியல் பட்டதாரி ஆசிரியர் தேர்வு எழுதி சான்றிதழ் சரிபார்ப்பு வரை போனேன். அங்கே, "உங்கள் மேஜர் இயற்பியல் இல்லையேம்மா" என்று நிறுத்திவிட்டார்கள். பி.எட். சேரும்போதும் தேர்வு எழுதும்போதும் யாரும் தடுக்கவில்லை. வழக்குப் போட்டால் வேலை கிடைக்குமா? தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள், அடுத்த வாரம் ஃபீஸ் கட்ட வேண்டும். நான் இப்போது வேலை பார்க்கும் தனியார் பள்ளி என் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்திருக்கிறது.

பதில்: சகோதரி, முதலில் அந்த ஃபீஸைக் கட்டாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தோடு வந்த மார்க் ஷீட் நகல்களை மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பி.எட். சான்றிதழில் 'ஃபிசிகல் சயின்ஸ்' என்று இருக்கிறது. இளநிலை மார்க் ஷீட்டில் மேஜர் என்ற இடத்தில் எலக்ட்ரானிக்ஸ். இயற்பியல் என்ற சொல் முதலாம் ஆண்டின் அலைட் பாடத்தில், அதாவது துணைப் பாடத்தில், மட்டும் வருகிறது. சரிபார்ப்பு மேஜையில் இருந்தவரும் இந்த வரியைத்தான் பார்த்திருப்பார்.

ஃபிசிகல் சயின்ஸ் என்பது பி.எட்.டில் நீங்கள் கற்ற கற்பித்தல் முறையின் பெயர். இயற்பியல் படித்தவரும் வேதியியல் படித்தவரும் அதே பிரிவில்தான் உட்காருவார்கள், எலக்ட்ரானிக்ஸ் படித்தவரையும் சேர்த்துக்கொள்வது உண்டு. ஆனால் தமிழக அரசுப் பள்ளியில் அந்தப் பெயரில் பணியிடம் கிடையாது. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகத்தான் ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. அங்கே பார்ப்பது இளநிலைப் பட்டத்தின் மேஜரை.

"தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதியில் பட்டமும் பி.எட்.டும் போதும் என்றுதானே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2010 ஆகஸ்ட் 23 அறிவிக்கையும், 9, 10ஆம் வகுப்புகளுக்கான 2014 ஒழுங்குமுறையும் சொல்வது குறைந்தபட்சத் தகுதியை. அதற்கு மேல் இந்தப் பணிக்கு இந்தப் பாடம் வேண்டும் என்று மாநில அரசு கேட்கலாம். டெட் தேர்ச்சியும் அப்படித்தான். சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், ஆனால் அது தகுதிதானே தவிர வேலைக்கான உரிமை இல்லை. 2018ல் வந்த அரசாணை 149க்குப் பிறகு டெட் முடித்தவர்களும் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டியிருப்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது வழக்கு. 'பி.எட். சேர்த்தார்கள், ஹால் டிக்கெட் கொடுத்தார்கள், இப்போது மறுக்கிறார்கள்' என்ற வாதம் கேட்க நியாயமாக இருக்கும். உங்கள் வருத்தமும் எனக்குப் புரிகிறது. ஆனால் தேர்வு எழுத அனுமதித்தது தற்காலிகமாகத்தான் என்று அறிவிக்கையிலேயே எழுதியிருப்பார்கள், அதனால் தகுதி வந்துவிடாது. ஒரு பட்டம் இன்னொன்றுக்கு இணையா என்பதை நீதிபதி பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு தீர்மானிக்கவும் மாட்டார். அது கல்வி வல்லுநர்களின் வேலை, இணைத்தன்மையை ஊகித்துக்கொள்ளக் கூடாது என்று 2008ல் குருநானக் தேவ் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018ல் ஜாகூர் அகமது ராதர் வழக்கிலும் அதே நிலைதான். இதையெல்லாம் மறைத்து உங்களிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது சரியல்ல.

உங்களுக்குத் தேவை இணைத்தன்மை அரசாணை, அதாவது உங்கள் எலக்ட்ரானிக்ஸ் பட்டம் இயற்பியல் பட்டத்துக்கு இணை என்று அரசு சொல்லும் ஆணை. உயர்கல்வித் துறை இதைப் பல்கலைக்கழகம் வாரியாக, பட்டம் வாரியாக வெளியிடுகிறது. வேறு பல்கலைக்கழகத்தின் எலக்ட்ரானிக்ஸ் பட்டத்துக்கு ஆணை வந்திருந்தால் அது உங்களுக்கு உதவாது. உங்கள் பட்டத்தில் உள்ள பெயர் எழுத்துப் பிசகாமல் ஆணையிலும் இருக்க வேண்டும், 'எலக்ட்ரானிக்ஸ்' வேறு, 'எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்' வேறு. இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உயர்கல்வித் துறைக்கு ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஆணை இல்லையென்றால், நீங்கள் படித்த ஆண்டுகளின் சிலபஸை செமஸ்டர் வாரியாகப் பல்கலைக்கழக முத்திரையோடு வாங்குங்கள். இப்போதைய சிலபஸ் வேண்டாம், நீங்கள் படித்தபோது இருந்தது. அதை வைத்துப் பல்கலைக்கழகத்தின் வழியாக இணைத்தன்மை கேட்டு விண்ணப்பியுங்கள். பதில் வராமல் கிடப்பில் போட்டால் அப்போது சென்னை உயர் நீதிமன்றம் போகலாம். குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி உத்தரவு கேட்பது வலுவான மனு. ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மார்க் ஷீட்டில் சர்க்யூட்டும் மைக்ரோபிராசசரும் நிறைய இருக்கின்றன, ஒளியியல், வெப்பவியல், அணுக்கரு இயற்பியல் இல்லை. எனவே இணை என்று முடிவு வருவது கடினம். ஆனாலும் கேட்டுப் பார்க்க வேண்டியது உங்கள் உரிமை. ஆணை வந்தாலும் அடுத்த அறிவிக்கைக்கு முன்பே அது கையில் இருக்க வேண்டும். தேதி தாண்டி வந்த ஆணையோடு அலைந்த இரண்டு மூன்று பேரை நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்த எம்.எஸ்சி. விஷயம். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு இளநிலை மேஜர்தான் கணக்கு, முதுநிலை அதைச் சரிசெய்யாது. முதுகலை ஆசிரியர் பணிக்கோ இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் மேல் இயற்பியல் படித்தால் 'கிராஸ் மேஜர்' என்று அங்கேயும் நிறுத்துவார்கள். இரண்டு வருஷமும் பணமும் போய் இதே இடத்தில் நிற்பீர்கள். இணைத்தன்மை ஆணை கிடைத்தால் இரண்டு கதவும் திறக்கும், அதன் பிறகு எம்.எஸ்சி. சேரலாம். வயதை நினைத்து அவசரப்பட வேண்டாம். 2023ல் நேரடி நியமன வயது வரம்பைப் பொதுப் பிரிவுக்கு 53 ஆகவும் மற்றவர்களுக்கு 58 ஆகவும் உயர்த்தியிருக்கிறார்கள். தனியார் பள்ளி வேலைக்கும் இந்த மேஜர் சிக்கலால் ஆபத்து இல்லை.

ஆனால் இத்தனை விண்ணப்பத்துக்கும் ஒரிஜினல் வேண்டுமே! கல்விச் சான்றிதழ் அடமானப் பொருள் இல்லை, அதைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு. பள்ளி நிர்வாகத்துக்கு எழுத்தில் கேளுங்கள், ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில். எந்தெந்தச் சான்றிதழ், என்ன எண், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். 15 நாளில் வரவில்லையென்றால் அந்தக் கடித நகலோடு சேலம் வாருங்கள், வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடலாம்.