இரவில் மண் பாதையில் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) ஓட்ட எந்த லைட் வாங்கலாம்? 10,000 லுமென் என்று போட்ட மலிவான லைட் போதுமா?

திருவொற்றியூரில் வீடு, வேலை முடிந்து இரவில்தான் ஓட்ட முடிகிறது, மணலி புதுநகர், செங்குன்றம் பக்கத்து மண் பாதைகளுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் 10,000 லுமென் லைட் ஒன்று ஆன்லைனில் வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். லுமென் என்பது லைட் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. சைக்கிள் லைட்டில் வரும் நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லுமென் தரும். அப்படியானால் 10,000 லுமெனுக்கு 100 வாட் வேண்டும். நாலு சால்டரிங் அயர்னை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்த மாதிரி சூடு அது. உள்ளே இருக்கும் 18650 செல் (உருளை வடிவ லித்தியம் பேட்டரி) எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 3500 எம்ஏஎச் கொள்ளளவில் நின்றுவிடும், அதாவது 12, 13 வாட் அவர், ஒரு வாட் லைட்டை 12, 13 மணி நேரம் எரிக்கும் சக்தி. இரண்டு செல் போட்டிருந்தால்கூட அந்த வெளிச்சம் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 18650 செல் மேலேயே 9900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் அது பொய், அந்த லைட்டை வீட்டில் சார்ஜ் போடவே கூடாது. உண்மையான 1000 லுமென் லைட் ஒன்று, ஹேண்டில்பாரில், அகலமாக வெளிச்சம் பரப்புவது, உங்களுக்கு முதலில் அதுதான் வேண்டும்.

ஏன் ஹேண்டில்பார் என்று நிறைய பேர் கேட்பார்கள், ஹெல்மெட்டில் ஒன்றை மாட்டினால் பார்க்கும் பக்கமெல்லாம் வெளிச்சம் வருமே என்று. மண் பாதையில் கல்லையும் பள்ளத்தையும் காட்டிக்கொடுப்பது அதனுடைய நிழல்தான். லைட் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தால் நிழல் முழுக்க கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துவிடும், நமக்குத் தெரியாது. மொட்டை மாடியில் இன்று ராத்திரியே செய்து பார்க்கலாம்: தரையில் பாதி செங்கல் ஒன்று, சுற்றி ஒரு கைப்பிடி ஜல்லி, பத்தடி தள்ளி நின்று டார்ச்சை நெற்றியில் வைத்து அடியுங்கள், எல்லாம் கோலமாவு கொட்டிய தரை போலத் தட்டையாகிவிடும். அதே டார்ச்சை இடுப்புக்கு இறக்குங்கள், ஒவ்வொரு ஜல்லிக்கும் பின்னால் கறுப்பாக நிழல் நீளும், செங்கல் எவ்வளவு உயரம் என்று சட்டென்று புரியும். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர் போகிறோம், அந்த ஒரு நொடியில் கண்ணுக்கு வேண்டியது இந்த நிழல்.

ஹெல்மெட் லைட் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இரண்டாவதாக வர வேண்டும். வளைவில் திரும்பும்போது ஹேண்டில்பார் லைட் எதிரே இருக்கும் புதரைக் காட்டிக்கொண்டிருக்கும், நாம் போக வேண்டிய பாதை இருட்டாக இருக்கும், அங்கே ஹெல்மெட் லைட் இல்லாமல் முடியாது. 500 லுமென் போதும், குவிந்த வெளிச்சமாக இருக்கட்டும், எடை குறைவாக இருக்கட்டும். நம் பக்கம் சீமைக்கருவேல முள் கிளை முகத்து உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கும் இதுதான். எதிரே வருபவர் கண் கூசக்கூடாது என்று மேல் பாதியை வெட்டிவிடும் ஜெர்மன் தரத்து லைட்டுகள் இருக்கின்றன, தார் ரோட்டுக்கு அருமையானவை, ஆனால் அந்தக் கிளையை அவை காட்டாது. பஞ்சர் போட இறங்கும்போதும் ஹெல்மெட் லைட் எரியட்டும், கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் இரவில்தான் நடமாடும், கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். மார்கழிப் பனியிலும் எண்ணூர் பக்கம் சாம்பல் தூசி பறக்கும்போதும் மட்டும் அதை அணைத்துவிடுங்கள், வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். டார்ச்சுகளுக்குப் பரவலாக உள்ள அமெரிக்கத் தரத்தின்படி, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரத்தைத்தான் போடுவார்கள், கடைசிப் பகுதி ஓட்ட உதவாத வெளிச்சமாகவும் இருக்கலாம். போதாததற்கு நம் ஊர்ச் சூட்டில் லைட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வாங்கியதும் டேபிள் ஃபேன் முன்னால் வைத்து முழு வெளிச்சத்தில் எரியவிட்டு நேரம் பாருங்கள், ஃபேன் இல்லாமல் வைத்தால் ஓடும்போது கிடைக்கிற காற்று இல்லாமல் சீக்கிரமே குறைந்து தப்பான கணக்கு வரும். இரண்டு மணி நேரம் ஓட்டுவதென்றால் 1000 லுமெனுக்கு குறைந்தது இரண்டு செல் வேண்டும், ஒரே செல் என்றால் ஏறுமிடத்தில் பாதி வெளிச்சத்தில் வைத்துச் சமாளிக்க வேண்டும்.

வெளிச்சத்தின் நிறம், என் விருப்பம் 4000 முதல் 5000 கெல்வின் (எண் கூடக் கூட வெளிச்சம் நீலமாகும்). நீலம் கலந்த 6500 கெல்வினில் செம்மண்ணும் காய்ந்த இலையும் ஒரே மாதிரி வெளிறிப்போகும். மாட்டும் கிளாம்ப் திருகு வைத்ததாக இருக்கட்டும், ரப்பர் பட்டை குலுங்கும் பாதையில் நழுவி லைட் தலைகுனிந்துவிடும். உங்கள் எம்டிபி ஹேண்டில்பார் 31.8 மில்லிமீட்டரா 35ஆ என்று பார்த்து வாங்குங்கள். கடல் காற்றில் சார்ஜ் போடும் ஓட்டை பச்சை பூத்துவிடும், ரப்பர் மூடி இறுக்கமாக இல்லாத லைட்டை எடுக்காதீர்கள்.

அப்புறம், மண் பாதைக்குப் போக எண்ணூர் விரைவுச் சாலையையோ மணலி ரோட்டையோ பிடித்துத்தானே ஆக வேண்டும். அங்கே ஹெல்மெட் லைட்டை அணைத்து, ஹேண்டில்பார் லைட்டைக் குறைத்துக் கீழே சாய்த்துவிடுங்கள், எதிரே டூவீலரில் வருபவருக்குக் கண் தெரிய வேண்டும். பின்னால் சிவப்பு லைட்டைச் சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் செருகாமல் சீட் போஸ்ட்டிலேயே நேராக மாட்டுங்கள், பையில் இருந்தால் ஆடி ஆடி தரையையோ வானத்தையோ பார்க்கும், பின்னால் வருகிற கன்டெய்னர் லாரிக்குத் தெரியாது.